டேப் சுற்றிய பிளக்

பாலிக்சி
4 ஆகஸ்ட் 2014

உல்கானுக்கு,

பெர்மெத் எழுதுகிறேன். எந்த பெர்மெத் என்று நீ கேட்கமாட்டாய். உன் வீட்டுக்காரராக இருந்த தலாந்த் இப்போது என் வீட்டுக்காரர். கல்யாணங்களில் பாடுகிறேனே, அந்த பெர்மெத்.

நலம் விசாரிக்கப்போவதில்லை. உன் நலம் எப்படி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். என் நலமும் உனக்கு அப்படித்தான். தொலைபேசியில் கூப்பிட்டால் நீ எடுக்கமாட்டாய். நீ கூப்பிட்டால் அவர் பார்த்துவிடுவார். ஆகவே கராகோல் வேன் ஓட்டும் சாபிர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் அவனிடமே கொடு.

விஷயம் இதுதான். ஏரிக்கரையில் தாம்சியில் ஒரு கல்யாணம். பாட்டின் நடுவில் விளக்குக் கம்பம் ஆடுகிறதே என்று இடது கையால் பிடித்தேன். வலது கையில் மைக். சூடான ஊசியை உதட்டில் வைத்து இழுத்தது போல இருந்தது. மைக்கை விட நினைக்கிறேன், கை கேட்கவில்லை. கம்பம் தானாகச் சாய்ந்ததால் தப்பித்தேன். கீழே கிடந்த மைக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டே தலாந்த் கூட்டத்தைப் பார்த்து, "எங்க பாட்டுக்காரிக்குத் தன்னோட குரலே ஷாக் அடிக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். வயசானால் கை வியர்க்கும், வியர்த்த கைக்குச் சுரீரென்னும் என்றார். எனக்கு நாற்பத்திரண்டு, அவருக்கு நாற்பத்தாறு. அவர் கை வியர்ப்பதில்லையாம்.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது, ஒலிப்பெட்டிகளை அடுக்கியிருக்கும் இரும்பு ரேக்கைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். சில வயர்களில் இன்னும் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. 'இடது ஆம்ப்', 'விளக்கு 3' என்று மணிமணியான கையெழுத்து. தலாந்த் பால் வேண்டுமென்று சீட்டு எழுதினால் கடைக்காரன் மண்ணெண்ணெய் கொடுத்தனுப்புவான். ஆக, இது அவர் கையெழுத்து இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இந்த ரேக்கைத் தானே கட்டியதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். எனக்கும் சொன்னார். அதைக் கேட்டு மயங்கியவர்களில் நானும் ஒருத்தி.

புருஷனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு வயரையாவது பிடித்துக் கட்டத் தெரிந்திருக்கிறது. அதில் என்ன கோளாறு என்று எழுது. கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

பெர்மெத்


கராகோல்
7 ஆகஸ்ட்

மரியாதைக்குரிய பெர்மெத் அக்காவுக்கு,

என்னைவிட ஐந்து வயது மூத்தவர் நீங்கள். அக்கா என்றுதான் அழைக்க வேண்டும். மற்ற பெண்கள் புருஷனை இருபது வயதுக்காரியிடம் பறிகொடுக்கிறார்கள்; ஊராரின் இரக்கமாவது மிஞ்சும். என் சக்களத்தி எனக்கு அக்கா முறையாக வந்து சேர்ந்தாள். எனக்கு அந்த இரக்கமும் இல்லை.

ஆமாம், அதைக் கட்டியது நான்தான். இங்கே கலாச்சார மாளிகையில் ஒலியும் ஒளியும் என் பொறுப்பு. வேலை முடிந்து வந்து கராஜில் உட்கார்ந்து கட்டினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் செய்த வேலை, அடுப்பு ஓரமாக உட்கார்ந்து வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போட்டது. பிறகு கல்யாணங்களில் மடிக்கணினியில் பொத்தானை அமுக்குவான். நான் ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டு போனால், "இவ என் சுமைதூக்கி, சம்பளம் கிடையாது" என்று பந்தியில் அறிமுகம் செய்வான். அவன் அம்மா அவனுக்குத் திறமை என்று பொருள்படப் பெயர் வைத்தார். பிறந்த குழந்தையைப் பார்த்து வைத்த பெயர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

போகும்போது, நான் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து லாரி கொண்டுவந்து ரேக்கை ஏற்றிப்போனான். நான் ஆள் அனுப்பித் தடுக்கவில்லை. இரண்டு பாரமும் ஒரே வண்டியில் போயிற்று என்று கராஜைக் கூட்டிப் பெருக்கினேன்.

என் கராஜைவிட்டுப் போனபோது அது யாரையும் கடிக்கவில்லை. அவன் ஏதோ செய்திருக்கிறான். என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு உருண்டைக் கம்பிகள் இருக்கும். அவற்றைத் தவிர, பிளக்கின் இரு பக்கத்திலும் பித்தளைப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் எர்த். கரண்ட் வழிதவறினால் மண்ணுக்குப் போகிற பாதை. அந்தப் பட்டை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அதுவரை மைக்கைத் தொடாதீர்கள்.

அக்கறையில் சொல்லவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராகோலுக்குத் திரும்பி வந்துவிடுவான். எனக்கு அந்தப் பயம்தான்.

உல்கான்


பாலிக்சி
11 ஆகஸ்ட்

உல்கானுக்கு,

நீ வயதைக் குத்திக்காட்டியதைப் படித்தேன். முப்பத்தேழு வயதில் தனியாக உட்கார்ந்து ஸ்பேனர் துடைக்கும் ஒருத்தி எழுதியது என்பதால் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

பார்த்தேன். மிக்சர், இரண்டு ஆம்ப்ளிஃபையர், விளக்குப் பெட்டி, எல்லாவற்றின் பிளக்கிலும் பித்தளைப் பட்டையின் மேல் கறுப்பு டேப். அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறார். சாப்பிடும்போது கேட்டேன்.

"இரைச்சல் வந்துச்சு, அடைச்சேன். எல்லா டி.ஜே.யும் பண்றதுதான்" என்றார்.

"அந்தப் பட்டை எதுக்கு வச்சிருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

"அழகுக்கு. நீ பாட்டப் பாரு. வயரு என் பாடு."

கல்யாணங்களில் பேசி விழா நடத்துகிற அசில்பெக்கும் அன்று எங்களோடு சாப்பிட்டான். அவனைப் பார்த்து, பெண்களுக்கு மாடும் மின்சாரமும் ஒன்று, கொஞ்சம் உறுமினால் ஓடிவிடுவார்கள் என்றார். அசில்பெக் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். அதுதான் அவன் பிழைப்பு. நான் எழுந்து போய் எலும்புகளை நாய்க்குப் போட்டுவிட்டு வந்தேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. செப்டம்பர் ஆறாம் தேதி என் மகள் அயிமுக்குக் கல்யாணம். முதல் புருஷனுக்குப் பிறந்தவள். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நம் கல்யாணத்தில் மைக் யார் யார் கைக்குப் போகும் என்று உனக்கே தெரியும். ஒவ்வொரு உறவாக எழுந்து வந்து வாழ்த்துவார்கள். மாப்பிள்ளை வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு கையில் இரும்புக் கைத்தடி இல்லாமல் நிற்கமாட்டார். மறு கையில் இந்த மைக்கைக் கொடுக்க வேண்டும். பிறகு என் பெண் வாங்கிப் பேசுவாள்.

வெளி ஆளை அமர்த்த முடியாது. டி.ஜே. வீட்டுக் கல்யாணத்துக்கு வெளி டி.ஜே.யா என்று தலாந்த் என்னோடு பேசமாட்டார். அது பரவாயில்லை, ஊரெல்லாம் பேசுவார்.

நாளை மறுநாள் அவர் நரின் போகிறார். மாமாவின் நினைவு விருந்து. அது முடிந்து மலைமேல் மேய்ச்சல் கூடாரத்தில் தங்கிக் குதிரைப்பால் குடித்துவிட்டுத்தான் இறங்குவார். அதற்குள் இந்த ரேக்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். கட்டுவது என் வேலை. எப்படி என்று சொல்வது உன் வேலை.

சாபிரிடம் புகை போட்ட மீன் கொடுத்திருக்கிறேன்.

பெர்மெத்


கராகோல்
14 ஆகஸ்ட்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

மீனை சாபிருக்கே கொடுத்துவிட்டேன். புருஷனை வாங்கிக்கொண்டு மீன் கொடுப்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

ரேக்கைத் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். அவன் கை பட்ட இடத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தொடாதீர்கள். ஆம்ப்ளிஃபையருக்குள் கரண்ட் தேங்கி நிற்கும். அதன் மூடியைத் திறக்கவே வேண்டாம். பிறகு தரையில் மெத்தையை விரித்து, ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, ஒவ்வொரு வயரையும் உருவி, கடைசியில் வெறும் இரும்புச் சட்டம் மட்டும் நிற்கும்படி ஆக்குங்கள். அவன் போட்ட வயர் எதுவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். அவனிடமும் அந்த மினுக்கில்தான் ஏமாந்தீர்கள்.

சாபிர் ஒரு சாக்கு கொடுப்பான். உள்ளே ஒரு செம்புப் பட்டி இருக்கும், திருகுகள் வரிசையாக உள்ள நீளத் தகடு. சட்டத்தின் அடியில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு இரும்பு தெரியும் இடத்தில் அதை முடுக்குங்கள். பெயிண்டின் மேல் முடுக்கினால் முடுக்காததற்குச் சமம். பச்சையும் மஞ்சளுமான எர்த் வயரை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அந்தப் பட்டிக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் வயரெல்லாம் இடது பக்கமாக இறங்கட்டும், சத்தம் போகிற வயரெல்லாம் வலது பக்கமாக. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றின் உளறலை மற்றொன்று கேட்கும். விளக்குகளுக்குத் தனி லைன் இழுங்கள். விளக்கு மங்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் முனகியிருக்குமே, அதற்குக் காரணம் அவன் எல்லாவற்றையும் ஒரே பலகையில் சொருகியதுதான்.

கையடக்கமான சாம்பல் நிறப் பெட்டி ஒன்றும் இருக்கும். அதை மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் வையுங்கள். இரைச்சலை அங்கே அடைக்க வேண்டும். பிளக்கில் டேப் சுற்றி அடைப்பவன், வீட்டில் புகை வருகிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறவன்.

கடைசியாக ஒரு பிரேக்கர். நான் வைத்திருந்ததை அவன் எப்போதோ கழற்றி எறிந்திருப்பான். எல்லாவற்றுக்கும் முன்னால் அது வர வேண்டும். எங்காவது கொஞ்சம் கசிந்தாலும் தட்டென்று துண்டித்துவிடும். பழைய மண்டபங்களில் எர்த்தே இருக்காது. அங்கே உங்களுக்கு இதைத் தவிர வேறு துணை கிடையாது. அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் உங்கள் பெண்ணுக்காகவும் கைத்தடிப் பெரியவருக்காகவும். நன்றி எழுதி அனுப்பாதீர்கள்.

உல்கான்


பாலிக்சி
21 ஆகஸ்ட்

உல்கானுக்கு,

நன்றி எழுதும் எண்ணம் எனக்கும் இல்லை. உன் கடிதத்தை அடுப்பங்கரைச் சுவரில் ஆணியடித்து வைத்துப் படித்துப் படித்து வேலை செய்தேன். போகவர உன் ஏளனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. மாமியாருடன் இருந்த காலம் ஞாபகம் வந்தது.

முன்னறை முழுக்க வயர். அயிம் கல்யாணத் துணிகளை வைக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஒரு பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை மடித்து வைத்திருந்தார். அது போதாதென்று, கீழ் ஆம்ப்ளிஃபையரைத் தாங்க அவர் முடுக்கியிருந்த திருகு ஒன்று பக்கத்தில் போன கரண்ட் வயரைத் துளைத்துக்கொண்டு சட்டத்தில் இறங்கியிருந்தது. வயரை விரித்துப் பார்த்தேன். உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது. தாம்சியில் அதன் மறுமுனையில் இருந்தது என் உதடு. அதன் பிறகு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அயிம் வந்து என்னம்மா என்று கேட்டாள். முதுகு வலி என்றேன்.

சட்டத்தைச் சுரண்டினேன், பட்டியை முடுக்கினேன், இடம் வலம் பிரித்தேன். சால்டரிங் கம்பி பட்டுக் கட்டைவிரலில் கொப்புளம். நகம் எல்லாம் போயிற்று. இந்த நகத்தோடு மணப்பெண்ணின் தாயாக நிற்கப்போகிறேன். எல்லாம் முடித்து, பொத்தானை அமுக்கிப் பார்த்து, பாட்டுப் போட்டேன். இரைச்சல் இல்லை. பனி விழுந்த முற்றம் மாதிரி அமைதி. விளக்கை மங்கவைத்தேன், அப்போதும் முனகவில்லை.

ஆனால் ஒன்று சரியில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கர் பக்கத்திலும் நின்றால் முரசு கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றால் முரசு காணாமல் போகிறது. பாட்டில் வயிறே இல்லாத மாதிரி இருக்கிறது. மணமக்கள் ஆடப்போவது அந்த நடுவில்தான்.

நீ சொன்னதில் தப்பா, நான் செய்ததில் தப்பா?

பெர்மெத்


கராகோல்
23 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

நீங்கள் செய்ததில்தான். ஒரு ஸ்பீக்கரின் வயரில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கின்றன. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கிறது; நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மாற்றிப் போடுங்கள், முரசு வந்துவிடும்.

உங்களுக்குக் காது இருக்கிறது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காதோடு அவன் பேச்சை எப்படி நம்பினீர்கள் என்பதுதான் ஆச்சரியம். அந்தத் திருகைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சாக்லேட் தாள் வரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான். திருகை எதிர்பார்க்கவில்லை. அவன் சோம்பேறி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வயர்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். உங்கள் கையெழுத்தில். என் டேப் எதுவும் மிச்சம் இருந்தால் பிய்த்துப் போடுங்கள். இனி அது நான் கட்டியது அல்ல. அதில் ஒரு தவறு என்றால் நான் பொறுப்பில்லை.

உல்கான்


பாலிக்சி
9 செப்டம்பர்

உல்கானுக்கு,

முரசு வந்துவிட்டது. அயிமின் கல்யாணமும் முடிந்துவிட்டது. நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியாது.

தலாந்த் ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தான். ரேக்கைப் பார்த்தான். பின்பக்கம் வந்து, என் டேப்பில் என் கையெழுத்தைப் பார்த்தான். பாட்டுப் போட்டான், ஒலியைக் கூட்டினான், குறைத்தான். அன்று சாயங்காலம் வந்த அசில்பெக்கிடம், "நான்தான் போறதுக்கு முன்னாடியே எல்லாம் செட் பண்ணிட்டுப் போனேன். இவ தூசி தட்டி வச்சிருக்கா" என்றான். நான் பக்கத்தில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் நடந்தால் போதும் என்று இருந்தேன்.

மண்டபம் ரயில்நிலையத்துப் பக்கம் இருக்கும் பழைய ஆலைச் சாப்பாட்டுக்கூடம். நீ சொன்ன மாதிரியே அங்கே எர்த் கிடையாது. காலையில் பொத்தானை அமுக்கினேன், பிரேக்கர் விழுந்தது, திரும்பத் தூக்கினேன், சரியாக இருந்தது. விருந்தினர் வந்து உட்கார்ந்தாயிற்று. இவன் கடைசி நேரத்தில் எங்கிருந்தோ ஒரு புகை யந்திரம் கொண்டுவந்தான். மணமக்கள் நுழையும்போது காலடியில் மேகம் வர வேண்டுமாம். வயரெல்லாம் வெடித்த பழைய யந்திரம். அதை ரேக்கில் சொருகினான். தட்டென்று எல்லாம் அணைந்தது. தூக்கினான். மறுபடி தட்டென்றது.

"எவ வச்ச பெட்டி இது? இதான் கோளாறு" என்றான். திருப்புளியை எடுத்துப் பிரேக்கரைத் தாண்டி ஒரு வயரை இழுத்து முடுக்கிவிட்டான். விளக்கு வந்தது, பாட்டு வந்தது, புகையும் வந்தது. கூட்டம் கைதட்டியது. கூட்டத்தைப் பார்த்துத் தலைகுனிந்து கும்பிடு போட்டான். அசில்பெக் மைக்கை எடுக்கக் கை நீட்டினான்.

நான் அவனுக்கு முன்னால் போய் ஸ்விட்சை அணைத்தேன். மைக்கை ஸ்டாண்டோடு தள்ளி வைத்தேன். எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ரேக்குக்கு முன்னால் நின்றுகொண்டு தலாந்தைக் கூப்பிட்டேன். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"இப்ப ஸ்விட்சைப் போடறேன். மொதல்ல நீங்க பிடிங்க. ஒரு கையில மைக்கு, ஒரு கையில இந்தக் கம்பம்" என்றேன். விளக்குக் கம்பம் ஆடாமல் இருக்க அதைச் சுவரோரத்து இரும்பு வெந்நீர்க் குழாயோடு கட்டியிருந்தான்; குழாய் மண்ணுக்குள் போகிறது.

"என்ன விளையாட்டு இது" என்றான்.

"விளையாட்டு இல்ல. உங்க கைதான் வியர்க்காதே. பிடிங்க."

அவன் மைக்கைப் பார்த்தான். கம்பத்தைப் பார்த்தான். பிறகு, உல்கான், அவன் கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். இரண்டு கையையும். அசில்பெக் சிரிக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். நீட்டிய கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தாம்சியிலும் தெரிந்திருக்கிறது. அழகுக்கு என்று சொன்னபோதும் தெரிந்திருக்கிறது. அறியாமல் செய்தான் என்றுதான் நான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிகரெட் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். நான் புகை யந்திரத்தைப் பிடுங்கி வெளியே வைத்தேன். அவன் போட்ட வயரைக் கழற்றினேன். ஸ்விட்சைப் போட்டுப் பிரேக்கரைத் தூக்கினேன், விழாமல் நின்றது. பிறகு ஒரு கையில் மைக்கையும் மறு கையில் கம்பத்தையும் நானே பிடித்து, வந்தவர்களை உட்காரச் சொன்னேன். பட்டுச் சட்டையும் கொப்புளம் காய்ந்த விரலுமாக இரவு வரை மிக்சரில் நின்றது நான்தான். கைத்தடிப் பெரியவர் மைக்கை வாங்கிக்கொண்டு தன் ராணுவக் காலத்திலிருந்து ஆரம்பித்தார். எல்லாரும் நெளிந்தார்கள். எனக்கு அவர் விடியும் வரை பேசினாலும் சரி என்று இருந்தது. அயிம் பேசும்போது அழுதாள். அவள் மூச்சுகூட ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்டது.

அவன் அசில்பெக் வீட்டில் தங்கிவிட்டு நேற்று வந்தான். தேநீர் கேட்டான், கொடுத்தேன். குடித்து முடித்ததும் அவன் துணிகளைப் பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்தேன். வெள்ளை ஷூ மேலே இருக்கும்படிதான் வைத்தேன், நசுங்காமல். ரேக்கைக் கேட்டான். தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன். தனியாகத் தூக்க முடியவில்லை.

உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் என்னைப் பிடிக்காது. ஆனாலும் கேட்கிறேன். அறுவடை முடிந்தால் கல்யாணங்கள் குவியும். எனக்குப் பாடவும் கேட்கவும் தெரியும்; மீதி உனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை ஒன்று இருக்கிறது. வருகிறாயா?

பெர்மெத்


கராகோல்
15 செப்டம்பர்

பெர்மெத்,

சனிக்கிழமை முடிந்த பிறகு எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் தாமதித்தேன்.

உன் கடிதத்தை சாபிர் கலாச்சார மாளிகை வாசலிலேயே கொடுத்தான். நின்றபடியே படித்தேன். அவன் இரண்டு கையையும் பைக்குள் விட்டான் என்ற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சாபிர் பயந்துபோனான். அப்புறம் உள்ளே வேலைக்குப் போக முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒத்திகைக்கு வந்த நடனப் பெண்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

பதினோரு வருஷம் அவனோடு இருந்தேன். எனக்கும் ஷாக் அடித்திருக்கிறது. இரண்டு தடவை. என் ஈரக்கை என்றான். அதன் பிறகுதான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அந்த ரேக்கைக் கட்டினேன். என் கைதான் கோளாறு என்றால் யாருடைய கை பட்டாலும் அடிக்காதபடி ஒன்றைக் கட்டிவிடுகிறேன் என்று. அதற்கு எர்த் எப்படி, பிரேக்கர் எப்படி என்று எல்லாம் படித்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன். அவன் கையில் மைக்கைக் கொடுத்து, நீ பிடி என்று சொல்ல மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

உனக்குத் தோன்றியது. அதுவும் இரண்டே வருஷத்தில். அதுவும் பெண்ணின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால். வயரின் நிறம்கூடத் தெரியாமல் என்னிடம் கேட்டு எழுதியவள் நீ.

அதனால்தான் நான் வரமாட்டேன். புருஷனை எடுத்துக்கொண்டதற்காக உன்னை எளிதாக வெறுக்க முடிந்தது. நஷ்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இதற்கு உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரே மேடையில் நின்றால் ஒவ்வொரு தடவை நீ மைக்கை எடுக்கும்போதும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அப்படி ஒரு வேலை எனக்கு வேண்டாம்.

அவன் முந்தாநாள் இங்கே வந்தான். கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டினான், கொஞ்ச நேரம் பாடினான், பிறகு போய்விட்டான். பிஷ்கெக் பஸ்ஸில் ஏறியதாக சாபிர் சொன்னான். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இது கடைசிக் கடிதம். நீயும் எழுதாதே.

ஒவ்வொரு ஊருக்கும் போய் வந்ததும் செம்புப் பட்டியின் திருகுகளை இறுக்கிப் பார். நம் சாலையில் எந்தத் திருகும் நிற்காது.

உல்கான்